ஆயர் சாப்பிடாத தட்டு

தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, புதிதாக மாற்றலாகி வந்திருந்த பங்குச்சாமி பிரசங்கத்தில் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டுப் பொருட்களை நீங்கள் வைத்திருக்கிறீர்களா, இல்லை அவை உங்களை வைத்திருக்கின்றனவா? கேட்டுவிட்டுக் கையிலிருந்த டேப்லெட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளி அடுத்த பக்கத்துக்குப் போனார்.

ஓசூரில் அந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள். இரவு ஷிப்ட் முடித்து நேராகப் பூசைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நல்ல தாலாட்டாக இருந்தது. மற்றவர்கள் அது அடுத்த வீட்டுக்காரனுக்கான கேள்வி என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிசையைப் பார்த்தார்கள். ஜெயப்ரியா ஒருத்திக்குத்தான் அது நெஞ்சில் தைத்தது. தைத்த கையோடு அதை ஸ்டேட்டஸாகவும் போட்டாள்.

ஜெயப்ரியா பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஞானப்பிரகாசம் எலத்தகிரியிலிருந்து பிழைக்க வந்து, கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக ஆனவர். கோயிலில் ஞானப்பிரகாசம், கம்பெனியில் பிரகாஷ். அம்மா சாந்தம்மா கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்காரி. செபமாலையைத் தமிழில் சொல்லுவாள், திட்டுவதைக் கன்னடத்தில் திட்டுவாள். இரண்டிலுமே அவளுக்கு நாக்குத் தடுக்காது.

பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த ஜெயப்ரியா, வாசலிலேயே நின்று முதல் தடவையாகத் தன் வீட்டைப் பார்த்தாள். அந்த வீட்டில் மனிதர்களைவிடப் பொருட்கள் நன்றாக உடுத்தியிருந்தன. மிக்ஸிக்குப் பாவாடை. வாஷிங் மெஷினுக்கு மழைக்கோட்டு. ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குச் சரிகை வைத்த கையுறை. டி.வி. ரிமோட் வாங்கிய நாளில் சுற்றிய பாலிதீன் உறையிலேயே இன்னும் குடியிருந்தது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அழுந்தும். சோபாவின் மேல் கடைக்காரன் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. கோடையில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் பிரிகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அழுக்காகாமல் காப்பாற்றப்பட்ட அந்தத் துணியின் நிறம் என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை.

சுவரெல்லாம் கடிகாரங்கள். நீண்ட நாள் உழைத்தவர்களுக்கு அப்பாவின் கம்பெனி கடிகாரம்தான் கொடுக்கும். ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த நேரத்தைக் காட்டியது. உண்மையான நேரம் வேண்டுமானால் கைப்பேசியைத்தான் பார்க்க வேண்டும். மூலையில் டிரெட்மில் நின்றது, அதன் மேல் துணி காய்ந்தது. அப்பா அதில் நடந்ததை யாரும் கண்டதில்லை. ஆனால் அது வீட்டுக்கு வந்த பிறகு, அதுதான் இருக்கிறதே என்று, காலையில் ஏரிக்கரைக்கு நடக்கப் போவதை அவர் நிறுத்திவிட்டார். பரண் நிறைய காலி அட்டைப் பெட்டிகள். பொருள் கெட்டுப் போய்த் தூக்கிப் போட்டிருப்பார்கள். அது வந்த பெட்டியை மட்டும் அம்மா தூக்கிப் போட விடமாட்டாள்.

இதற்கெல்லாம் நடுநாயகமாகக் கூடத்தில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் டின்னர் செட். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் தங்கக்கோடு, நடுவில் ரோஜாப்பூ. ஒரு வருஷம் மறைமாவட்ட ஆயர் பங்குக் கோயிலைப் பார்வையிட வந்தபோது இவர்கள் வீட்டுக்கும் வருவார் என்று சொன்னார்கள். சாந்தம்மா பெங்களூர் வரை போய் அந்த செட்டை வாங்கி வந்தாள். ஆயர் வந்தார், வீட்டை ஆசீர்வதித்தார், தனக்குச் சர்க்கரை என்று சொல்லி எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தட்டில் சாப்பிடத் தகுதியான ஆள் யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. ஆயரே சாப்பிடாத தட்டில் பெரியப்பாவுக்கும் சித்திக்கும் எப்படிப் போடுவது? ஞாயிறுதோறும் சாந்தம்மா அதை வெளியே எடுத்துத் துடைத்து உள்ளே வைப்பாள். பைபிளைக்கூட அப்படித் துடைத்ததில்லை.

இவையெல்லாம் சேர்ந்து தன் குடும்பத்தைச் சிறை வைத்திருக்கின்றன என்று ஜெயப்ரியாவுக்குப் பட்டது. எளிமையாக வாழ்வது என்று அன்றே முடிவு செய்தாள். எளிமைக்குத் தேவையான சாமான்களை ஆன்லைனில் தேடினாள். மூங்கில் பிரஷ் ஒன்று, செம்புத் தண்ணீர் பாட்டில் ஒன்று, சாயம் போடாத பருத்தித் தோள்பை ஒன்று ஆர்டர் போட்டாள். அவை மூன்றும் தனித்தனிப் பெட்டிகளில் வந்தன. பெட்டிகளை அம்மா பரணில் ஏற்றினாள்.

பிறகு தன் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை விடலாம் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். கைப்பேசியை விட முடியாது, இளைஞர் குழு நடப்பதே அதில்தான். இரண்டாவது இயர்போன் வேண்டும், முதலாவது சார்ஜில் இருக்கும்போது ஆன்மிக உரை எதில் கேட்பது? ஸ்கூட்டி இருந்தால்தான் சேவைக்குப் போக முடியும். கிட்டாரைக் கொடுக்கலாம், வாசிக்கத் தெரியாது. ஆனால் அதை மடியில் வைத்து எடுத்த படம்தான் எல்லா இடத்திலும் அவளுடைய முகப்புப் படம். கடைசியில், எட்டாம் வகுப்பில் போட்ட ஒரு ஸ்வெட்டர் எந்த வக்கீலும் கிடைக்காமல் தோற்றது. அதை மடித்துத் தனியாக வைத்தபோது அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது போல இருந்தது.

தன்னுடையது முடிந்தது. இனி மற்றவர்களுடையது.

அடுத்த வாரம் இளைஞர் குழுக் கூட்டத்தில் அவள் பேசினாள். கோயிலைச் சேர்ந்த எல்லா வீட்டிலும் தேவைக்கு மிஞ்சியதை வாங்கி, அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் ஒரு மலைக்கிராமத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்றாள். குழுவின் செயலாளர் விமல்ராஜுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அவனுக்கு எந்தக் காரியமும் பேனரில் தொடங்கி டி-ஷர்ட்டில் முடியும். 'பகிர்வுப் பயணம்' என்று அங்கேயே பேர் வைத்தான். பங்குச்சாமியும் மகிழ்ந்து அடுத்த பூசையில் அறிவித்தார். கிழிந்ததைக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஆகவே யாரும் கிழிந்ததைக் கொடுக்கவில்லை. பட்டன் இல்லாததைக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு வந்தது, மாப்பிள்ளை இப்போது அதில் பாதிதான் நுழைவார். மூடி தொலைந்த குக்கர் வந்தது. ஒரு வீட்டிலிருந்து மூடி மட்டும் வந்தது. அது அந்தக் குக்கருக்குச் சேரவில்லை. யாரோ ஜெயித்த கோப்பைகள், யாருக்கும் புரியாத கம்ப்யூட்டர் புத்தகங்கள், போன வருஷத்து மாதா காலண்டர், ஒற்றை ஊன்றுகோல். சரிதா ஆன்ட்டி என்று எல்லோரும் கூப்பிடும் பாடகர் குழுத் தலைவி ஒரு ஏர் ஃபிரையரைக் கொண்டுவந்து இறக்கி, அதை ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். கொடுக்கிறவர்கள் முகத்தில் எல்லாம் ஒரே நிம்மதி. குப்பை வண்டிக்காரன் வாங்க மறுத்ததைக் கடவுள் வாங்கிக்கொள்கிறார் அல்லவா.

மூட்டைகளைப் பார்த்த ஜெயப்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது. வலிக்காமல் கொடுப்பது கொடையா என்று யோசித்தாள். வலிக்க வேண்டும். வலிக்கிற மாதிரி ஒன்றைத் தன் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டும். அப்படி யோசித்தபோது அவளுக்கு டின்னர் செட் ஞாபகம் வந்தது. அது யாருக்கு வலிக்கும் என்பதை மட்டும் அவள் அவ்வளவாக யோசிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாந்தம்மா ஆனேக்கலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெயப்ரியா ஷோகேஸைத் திறந்து ஒவ்வொரு தட்டாக எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினாள். ஞானப்பிரகாசம் சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட கேட்டியா?" என்றார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கடவுள்கிட்ட கேட்டுட்டேம்பா."

அவர் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சூப்பர்வைசராக இருப்பவர். மேலே இருக்கிறவர்கள் ஒரு முடிவு எடுத்துவிட்டால் கீழே இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ரிமோட்டைப் பாலிதீனோடு சேர்த்து அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேன் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அஞ்செட்டியைத் தாண்டி, யானை கடக்கும் இடம் என்று எழுதிய பலகைகளைத் தாண்டி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் ஜெயப்ரியா ஜன்னலோரம் உட்கார்ந்து, பசியோடு இருக்கும் குழந்தைகள் ரோஜாப்பூத் தட்டில் சோறு வாங்கிச் சாப்பிடுவதை மனசுக்குள் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் குழந்தைகளில் ஒன்று தன்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பதாகவும் ஏற்பாடு செய்திருந்தாள்.

ஊர் அவர்களுக்காகத் தயாராக இருந்தது. பள்ளிக்கூட வராண்டாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் உயரப்படி நிறுத்தப்பட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தவர் கோவிந்தப்பன் என்று ஒருவர். வெளியூரிலிருந்து கொடுக்க வருகிறவர்களை வரவேற்று அனுப்புவது அந்த ஊரில் அவர் பொறுப்பு.

"போட்டோ மொதல்லயா, பொருளு மொதல்லயா சிஸ்டர்?" என்று ஜெயப்ரியாவைக் கேட்டார். கோயிலிலிருந்து வருகிற பெண்களெல்லாம் அவருக்கு சிஸ்டர்தான். "கம்பெனிக்காரங்க வந்தா மொதல்ல போட்டோ கேப்பாங்க. காலேஜ்காரங்க பொருளக் குடுத்துக்கினே எடுப்பாங்க. உங்களுக்கு எப்பிடி வசதி?"

விமல்ராஜ் அப்போதுதான் பேனரை ஓசூரிலேயே விட்டுவிட்டு வந்ததைக் கண்டுபிடித்தான். உயிரே போய்விட்டது அவனுக்கு. கோவிந்தப்பன் அவனைத் தேற்றினார். பள்ளிக்கூட அறையைத் திறந்து, முன்பு வந்துபோன ஒரு கம்பெனியின் பேனரை எடுத்து, பின்பக்கமாகத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார். அந்த அறைக்குள் இன்னும் நிறைய பேனர்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் தக்காளி நாற்றுக்கு மேலே கட்ட நல்ல உபயோகம் என்றார். அன்றைக்கு எடுத்த படங்களில் எல்லாம், இளைஞர் குழுவின் தலைக்கு மேலே அந்தக் கம்பெனியின் பெயர் இடம் வலமாகத் திரும்பி மங்கலாகத் தெரியும்.

பொருட்கள் எளிதாகப் போயின. கோட்டை ஒரு கிழவர் வாங்கி, வேட்டிக்கு மேலே அங்கேயே மாட்டிக்கொண்டு மாடு ஓட்டப் போய்விட்டார். கோப்பைகளைத் தலைமையாசிரியர் வாங்கிக்கொண்டார், பெயர்த் தகட்டைப் பிய்த்துவிட்டால் விளையாட்டு விழாவுக்கு ஆகும். ஏர் ஃபிரையரை வாங்கின அம்மாள் அதைத் திறந்து பார்த்து, கோழிக்குஞ்சை அடைக்கலாமா என்று பக்கத்தில் கேட்டாள். எல்லோரும் எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், வாங்காவிட்டால் மனசு சங்கடப்படுவார்கள் என்ற இரக்கம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. பசியோடு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள்தான் வேனில் வந்தவர்களுக்கு ராகிக்களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள்.

டின்னர் செட்டை ஜெயப்ரியா கடைசிக்கு வைத்திருந்தாள். செய்தித்தாளைப் பிரித்ததும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். ஏறக்குறைய ஜெயப்ரியாவின் வயதுதான். பேர் மாதேஸ்வரி என்று கோவிந்தப்பன் சொன்னார். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் கைப்பேசிக்கு முதுகுத் தகடு செய்கிற வேலை. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், ஷிப்ட் மாறுகிற லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். உள்ளே சொந்தக் கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்களாம். ஆனால் அவள் கையிலிருந்த கைப்பேசி ஜெயப்ரியாவுடையதைவிடப் புதுசு.

மாதேஸ்வரி ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நகத்தால் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். முழு செட்டா, உடைந்தது ஏதாவது உண்டா என்று விசாரித்தாள். பிறகு, பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே தான் கான்கிரீட் கூரை போட்ட ஒரு தார்சு வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். வேலை முடியப்போகிறது. உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு கண்ணாடி அலமாரி வைத்து, அதில் இந்த மாதிரி ஒரு செட் வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கடவுளாகக் கொண்டுவந்து கொடுத்தது போல இருக்கிறது.

கடவுள் கொண்டுவந்து கொடுத்தது அதற்கல்ல என்று ஜெயப்ரியாவுக்குச் சுருக்கென்றது. இது கண்ணாடிக்குள் வைக்க அல்ல, சாப்பிட என்று எடுத்துச் சொன்னாள். பொருள் சேரச் சேர நிம்மதி போய்விடும் என்றாள். பொருளை நாம் வைத்திருப்பதாக நினைக்கிறோம், உண்மையில் அதுதான் நம்மை வைத்திருக்கிறது என்று பங்குச்சாமியின் குரலிலேயே சொன்னாள். தன் வீட்டுச் சோபாவை, கடிகாரங்களை, டிரெட்மில்லை எல்லாம் உதாரணம் காட்டினாள். மாதேஸ்வரி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். சோபாவைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் கொஞ்சம் விரிந்தது.

"சரிதாங்க," என்றாள் கடைசியில். "நீங்க இத்தன வருசம் வச்சுப் பாத்துட்டு வேணாங்கிறீங்க. நானும் கொஞ்ச நாளு வச்சுப் பாத்துட்டு சொல்றேனே."

மாதேஸ்வரி விடாமல் அடுத்ததைக் கேட்டாள்: அந்தக் கண்ணாடி அலமாரி ஓசூரில் எந்தக் கடையில் நன்றாக இருக்கும்? பாகலூர் ரோட்டில் கிடைக்கும் என்று ஜெயப்ரியா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், துறவுக்கு வந்த இடத்தில் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கடையின் படத்தை அனுப்பச் சொல்லி மாதேஸ்வரி அவள் எண்ணையும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது விமல்ராஜும் மற்றவர்களும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஜெயப்ரியா பாடவில்லை. கொடுத்த பொருளைப் பற்றி இவ்வளவு எரிச்சல் ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். டின்னர் செட் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. அது போன இடத்தில் தான் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை, அதுதான் வருத்தம். கையை விட்டுப் போன பிறகும் பொருள் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஞாயிறுதோறும் துடைத்து ஷோகேஸுக்குள் வைத்த அம்மாகூட அந்தத் தட்டுகளிடம் அவ்வளவு எதிர்பார்த்ததில்லை. இந்த யோசனை வந்ததும் அது தனக்குப் பிடிக்காமல், அவளும் பாட ஆரம்பித்தாள்.

சாந்தம்மா அன்று மாலை ஆனேக்கலிலிருந்து வந்தாள். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, ஷோகேஸுக்கு முன்னால் நின்றாள்.

"எல்லி?" என்றாள். எங்கே என்று கேட்க அவளுக்கு அந்த நேரத்தில் கன்னடம்தான் வந்தது.

ஜெயப்ரியா சொன்னாள். வலிக்கக் கொடுப்பதுதான் கொடை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். சாந்தம்மா திட்டுவாள் என்று அப்பாவும் மகளும் எதிர்பார்த்து நின்றார்கள். அவள் திட்டவில்லை. பீரோவிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்து காலி ஷோகேஸை மூடினாள், துக்க வீட்டில் உடலை மூடுவது போல. அதற்குப் பிறகு பல நாள் மகளோடு அவள் பேசவில்லை. சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், எல்லாம் வாயைத் திறக்காமல்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பங்குச்சாமி ஜெயப்ரியாவை எழுந்து நிற்கச் சொன்னார். வீட்டிலேயே மிகவும் விலைமதிப்புள்ளதை இந்தப் பெண் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கிறாள், இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்க்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றார். கோயிலே கை தட்டியது. சாந்தம்மாவும் தட்டினாள், மாவு பிசைந்த கையை உதறுவது போல. ஏர் ஃபிரையர் கொடுத்த சரிதா ஆன்ட்டி, தன் பேரைச் சொல்லாததைக் கவனித்து, தட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

ஜெயப்ரியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தாழ்மை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தது நீயல்ல என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் சொல்வது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கைதட்டல் நன்றாக இருந்தது. அது முடிகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் முடிந்து சித்திரையில் மாதேஸ்வரியிடமிருந்து புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பு வந்தது. பின்னால் நாதஸ்வரம் வாசிக்க, கதவு திறந்து உள்ளே பெயர்கள் பறந்து வருகிற வீடியோ. ஜெயப்ரியா அதை அப்பாவுக்குக் காட்டினாள். சாந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அத்தனை நாள் மௌனத்தைக் கலைத்தாள்.

"நானும் வர்றேன். என் தட்டு எந்த வீட்ல இருக்குதுன்னு நான் பாக்கணும்."

பார்த்துவிட்டு மட்டும் வருவாளா என்பதில் ஞானப்பிரகாசத்துக்குச் சந்தேகம் இருந்தது. ஏனென்றால் அவள் காரில் ஏறும்போது ஒரு காலி அட்டைப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தாள். டின்னர் செட் வந்த அதே பெட்டி.

புது வீடு மஞ்சளும் ஊதாவுமாக, மலைச்சரிவில் நாலு மைலுக்குத் தெரிகிற மாதிரி நின்றது. மாதேஸ்வரி புதுப் பட்டுப்புடவையில் ஓடி வந்து வரவேற்றாள். அவள் அம்மா வெள்ளையம்மா சாந்தம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. வாசலிலேயே இரண்டு பேருக்கும் பேச்சு கூடிவிட்டது.

கூடத்தில் அந்த அலமாரி இருந்தது. ஓசூர் வீட்டில் இருப்பதைவிடப் பெரிது. உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு மாறி மாறி எரிந்தது. தட்டுகள் எல்லாம் எழுந்து நின்று, தங்கக்கோடு மின்ன, யாரோ முக்கியமானவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தன. சாந்தம்மா அதன் முன்னால் நீண்ட நேரம் நின்றாள். ஜெயப்ரியா, இதோ கேட்கப்போகிறாள், பெட்டியை எடுத்து வரச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"லைட்டு நல்லாருக்குது," என்றாள் சாந்தம்மா. "நோடு, நமக்கு இது தோணவேயில்ல பாரு."

பந்தி போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கெல்லாம் வெளியே பந்தலில் இலை. ஓசூரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வெள்ளையம்மா அலமாரியைத் திறந்து இரண்டு தட்டை எடுத்தாள். கழுவித் துடைத்து, ஞானப்பிரகாசத்துக்கும் சாந்தம்மாவுக்கும் முன்னால் மேசையில் வைத்தாள். சாந்தம்மா பதறிப்போய் வேண்டாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் சோறு விழுந்துவிட்டது. நாட்டுக்கோழிக் குழம்பும் விழுந்து, ரோஜாப்பூவின் மேல் பரவியது. வாங்கின நாளிலிருந்து அந்தத் தட்டில் விழுந்த முதல் சோறு அதுதான்.

சாந்தம்மா கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு பிசைந்தாள். பிறகு குழம்பு கொஞ்சம் கேட்டு வாங்கினாள். ஆயருக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்ததில் அவள் முகம் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போனது. ஞானப்பிரகாசம் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, தட்டு நல்ல கனம் என்றார், யாரோ வீட்டுத் தட்டைச் சொல்வது போல.

ஜெயப்ரியாவும் மேசையில் உட்காரப் போனாள். மாதேஸ்வரி அவள் முன்னால் ஒரு தைத்த மந்தார இலையைப் போட்டாள்.

"உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே," என்றாள். கிண்டல் இல்லை. விருந்தாளியின் கொள்கையை ஞாபகம் வைத்திருந்து மதித்த திருப்தி அவள் குரலில் இருந்தது. "அதான் உங்களுக்குன்னு இலை எடுத்து வச்சேன்."

ஜெயப்ரியா நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது? இலை ஓரத்தில் தையல் விட்டிருந்தது. குழம்பு அதன் வழியாக இறங்கி மேசையில் ஓடி, அவள் புதுச் சுடிதாரில் சொட்டியது. எதிரே அப்பாவும் அம்மாவும் ஒரு சொட்டு சிந்தாமல் தங்கக்கோட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தத் தட்டு வேண்டும் போல இருந்தது. அவ்வளவு வருஷம் வீட்டில் இருந்தபோது ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. எனக்கும் ஒரு தட்டு கொடுங்கள் என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஸ்டேட்டஸில் போட்டாயிற்று, கோயிலில் கை தட்டியாயிற்று. கேட்க வாய் வரவில்லை. பாதிச் சோற்றை இலையோடு மடக்கிவிட்டு எழுந்தாள்.

சாந்தம்மா புறப்பட மனமில்லாமல் புறப்பட்டாள். அலமாரிக்குத் தூசி போகாமல் ஒரு திரை தைத்துப் போடச் சொல்லி வெள்ளையம்மாவுக்கு யோசனை சொன்னாள். அடுத்த லீவுக்கு ஓசூருக்கு வந்தால் சோபா பார்க்கத் தானே கூட்டிக்கொண்டு போவதாக மாதேஸ்வரிக்கு வாக்குக் கொடுத்தாள், பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று எச்சரித்தாள். பின்சீட்டில் இருந்த காலிப் பெட்டியைத் தூக்கி, இது அந்த செட்டினுடைய பெட்டி, பத்திரமாக வைத்துக்கொள் என்று அவள் கையில் கொடுத்தாள். மாதேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் காட்டுச் சாலையில் இறங்கியது. முன்சீட்டில் சாந்தம்மா, வீட்டு ஷோகேஸுக்கு விளக்குப் போடுவதைப் பற்றியும், அதற்குள் இனி எதை வைக்கலாம் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். ஞானப்பிரகாசம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்கு எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது. ஜெயப்ரியாவுக்குப் பசிதான் மிச்சம்.

தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்து தின்றாள். புதுமனை விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து பரோட்டாவா என்று அம்மா திரும்பிப் பார்த்தாள். ஜெயப்ரியா சால்னாப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தாள்.